செவ்வாயில் தண்ணீர் தேட முதலில் கண்மாய்க்குப் போங்கள்

செவ்வாயில் தண்ணீர் இருந்த தடயத்தைத் தேட ஆசைப்படும் மாணவர்களை நான் முதலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைப்பதில்லை. திருப்பரங்குன்றம் பக்கம் கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாய்க்குத்தான் அனுப்புகிறேன். ஸ்கேலும் நோட்டும் போதும். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். சாய்ந்த வெயிலில்தான் வெடிப்புகளின் நிழல் துல்லியமாக விழும்.

வெடிப்புகள் ஒன்றையொன்று தொடும் முனைகளைக் குனிந்து பாருங்கள். முதல்முறை காயும் சேற்றில் ஒரு வெடிப்பு ஓடியிருக்கும். அடுத்தது அதில் வந்து செங்குத்தாக முட்டி நிற்கும். அதே மண் மாறி மாறி நனைந்து காய்ந்தால், முனையில் மூன்று வெடிப்புகள் ஏறக்குறைய 120 டிகிரியில் பிரியும், பாளங்கள் அறுகோணமாகும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கரம்பையைக் கட்டியில்லாமல் கரைத்து, தாம்பாளத்தில் ஒரு விரல் கனத்துக்கு ஊற்றி மொட்டை மாடியில் காயவையுங்கள். வெடித்ததும் படம் எடுத்துவிட்டு, வெடிப்பு மூடும்வரை தண்ணீர் தெளித்து மறுபடி காயவிடுங்கள். கிளறவே கூடாது. பழைய வெடிப்பின் தடம் மண்ணுக்குள் கிடந்தால்தான் புதியது அதன் வழியே திறந்து, ஒவ்வொரு முறையும் முனை சற்று நகரும். பத்துப் பதினைந்து சுற்றாவது பொறுத்திருங்கள். முட்டி நின்ற வெடிப்பு வளைந்து பிரியத் தொடங்குவதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இனி நாசா தளத்தைத் திறக்கலாம், படங்கள் இலவசம். கேல் பெரும்பள்ளத்தில் கியூரியாசிட்டி ஊர்தி 2021 ஜூனில், அதன் 3154-ஆவது செவ்வாய் நாளில், எடுத்த ‘பான்டூர்’ பாறைப் படத்தைத் தேடுங்கள். சில சென்டிமீட்டர் அகலமே உள்ள அறுகோணங்கள்! அங்கே சேறு பலமுறை நனைந்து காய்ந்தது என்று 2023-ல் வெளியான ஆய்வு கூறியது. பாளம் சிறியது என்றால் ஒவ்வொரு முறையும் மேல்மண் மட்டுமே காய்ந்தது என்று பொருள்.

ஆனால் வடிவத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். சூடு தணிந்து இறுகும் எரிமலைக் குழம்பும் அறுகோணமாக வெடிக்கும். 2008-ல் நாசாவின் ஃபீனிக்ஸ் கலம் இறங்கிய செவ்வாயின் வடபகுதியில் நிலத்தடிப் பனி சுருங்கியதால் உண்டான பாளங்கள் மீட்டர் கணக்கில் அகலமானவை. ஆகவே படத்தின் அளவுகோலைப் பாருங்கள். பாறை படிவுப்பாறைதானா, உப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பான்டூரில் கந்தக உப்புகள் இருந்தன. கண்மாய் ஓரத்தில் உவர் பூப்பதைப்போல, அவையும் தண்ணீர் வற்றும்போது தங்குபவை.