கோடை முடிவில் கோயில்காடு: செடியும் பூச்சியும் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கத்திரி முடிந்து ஒன்றிரண்டு மழை விழுந்ததும் புதுக்கோட்டை, கடலூர் பக்கத்துக் கோயில்காடுகள் துளிர்விட ஆரம்பிக்கும். செடியும் பூச்சியும் பார்க்க அருமையான நேரம். ஆனால் போகிறவர்களில் பலர் காட்டை ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதையே வேலையாக வைத்துக்கொள்கிறார்கள், அதுதான் பெரிய தவறு. ஒரே வில்வ மரத்தடியில் அரைமணி நேரம் நின்று பாருங்கள்.

வில்வத்தைச் சும்மா சொல்லவில்லை. வீட்டுக் கறிவேப்பிலையில் முட்டையிடும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி வில்வத் துளிரிலும் முட்டையிடும். அதன் இளம் புழு கறுப்பும் வெள்ளையுமாக, அச்சு அசல் காக்கை எச்சம் மாதிரி இலைமேல் கிடப்பதால் பறவையும் ஏமாறும், நாமும் தாண்டிப் போய்விடுவோம். வளர்ந்தபின் பச்சை நிறமாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போல ஒன்றை நீட்டி வாடை அடிக்கும், அதைப் பார்ப்பதற்காகக் குச்சியால் நோண்டாதீர்கள், பாவம்.

அடுத்த தவறு, பூவையே தேடுவது. கடிபட்ட இலையைத் தேடுங்கள், பெரும்பாலும் அதன் அடிப்பக்கத்தில் முட்டையோ புழுவோ இருக்கும். ஆனால் இலையைத் திருப்புமுன் என்ன செடி என்று பார்த்துக்கொள்ளுங்கள்! வேலியில் ஏறிக் கிடப்பது காஞ்சொறியாக இருந்தால் அதன் சுணை பட்டு கை எரியும். இத்தனைக்கும் அந்த இலையையே தின்று வளரும் வண்ணத்துப்பூச்சிப் புழுவும் உண்டு.

மரத்தில் பச்சை இலைகளை உருண்டையாக ஒட்டி வைத்திருந்தால் அது முசுறு எறும்புக் கூடு. பிரித்துப் பார்க்கவே கூடாது. கடிக்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. சில எறும்புகள் வரிசையாக நின்று இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்க, மற்றவை தங்கள் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு, தறியில் நாடா ஓடுவதுபோல இந்த இலைக்கும் அந்த இலைக்கும் கொண்டுபோய் வருகின்றன. புழு விடும் பட்டுநூல்தான் இலைகளை ஒட்டுகிறது. அவ்வளவு உழைப்பு அது.

அப்புறம், மணலில் குழி பறித்து உள்ளே பதுங்கியிருக்கும் குழியானை. மழை வலுத்தால் மணற்குழிகள் கலைந்துவிடும் என்பதால் இப்போதே பார்த்துவிடுங்கள். பலர் குழிக்குள் இருப்பதே முழு வளர்ச்சியடைந்த பூச்சி என்று நினைக்கிறார்கள். அது வெறும் புழுப்பருவம்தான், வளர்ந்ததும் இறக்கை முளைத்துப் பறக்கும். அந்தியில் வருவதைப் பார்த்துத் தும்பி என்று எழுதிக்கொள்ளாதீர்கள்: தும்பிக்கு உணர்கொம்பு மயிரிழை அளவுதான், இதற்கு நுனி தடித்து நன்றாகத் தெரியும்.

உச்சிவெயிலில் போகாதீர்கள், பாதிப் பூச்சிகள் நிழலில் ஒதுங்கியிருக்கும். காலையில் வண்ணத்துப்பூச்சிகள் இறக்கை விரித்து வெயில் காயும்போது நிதானமாகப் பார்க்கலாம். செடியைப் படமெடுத்தால் பூவோடு நிறுத்தாமல் இலையின் இரு பக்கம், கிளையில் இலைகள் அமைந்திருக்கும் விதம், பட்டை, காய் எல்லாவற்றையும் எடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்தபின் அது காரையா சூரையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு குச்சியைக்கூட ஒடிக்காத ஊர்கள் உண்டு, ஆகவே உள்ளே நுழையுமுன் பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.