யமஹா ஆர்எக்ஸ் 100 ஹெட்டைச் சீவும் முன் இடைவெளியை அளந்துவிடுங்கள்

டிவிஎஸ் 50 ஓசூரில் பிறந்தது 1980-இல். அப்போது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். டூ ஸ்ட்ரோக் வண்டிகள் இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு வீட்டுப் பிள்ளை மாதிரி. அதனாலோ என்னவோ, ஆளாளுக்கு அதன் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டில் கை வைக்கிறார்கள். "அரை மில்லி சீவிக் கொடுங்கள்" என்று லேத் பட்டறையில் நீட்டினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். எதற்காக அரை மில்லி என்று கேட்டால் இருவருக்குமே பதில் தெரியாது.

ஹெட்டைத் திருத்துவதில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, எரியறையின் கொள்ளளவைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டுவது. மற்றொன்று, பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதன் விளிம்புக்கும் ஹெட்டின் விளிம்புப் பட்டைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைச் சரியாக வைப்பது. இந்த இடைவெளிக்கு ஸ்குவிஷ் என்று பெயர். பிஸ்டன் மேலேறும்போது ஓரத்தில் இருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை பிதுக்கப்பட்டு, நடுவில் பிளக் இருக்கும் இடத்துக்குப் பாய்கிறது, வேகமாக எரிகிறது. ஓரத்தில் மிஞ்சும் சிறிதளவு கலவை இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே குளிர்ந்துபோவதால் தானாக வெடிப்பதில்லை. இடைவெளி அகலமாக இருந்தால் இந்த இரண்டு நன்மையும் இல்லை, நாக்கிங் வரும், அதாவது கலவை தானாக வெடித்துத் தட்டும். எனவே முதலில் ஸ்குவிஷ், பிறகுதான் அழுத்தம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அளவெடுத்தல்

ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையிலும் எரியறையிலும் படிந்த கரியை மரக்குச்சியாலும் மண்ணெண்ணெயாலும் துடைத்து எடுங்கள். கரி இருந்தால் அளவு பொய் சொல்லும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 2 மில்லிமீட்டர் சாலிடர் கம்பியில் இரண்டு துண்டு வெட்டி, பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின் எந்தத் திசையில் செல்கிறதோ அந்தக் கோட்டில், இரு ஓரங்களிலும் சிலிண்டர் சுவரைத் தொடும்படி கிரீஸ் தொட்டு ஒட்டுங்கள். வேறு திசையில் வைத்தால் பிஸ்டன் சாய்ந்துகொடுத்து அளவு கெடும். பழைய கேஸ்கெட்டுடனே ஹெட்டைப் பொருத்தி, நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கி, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி எஞ்சினை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். நசுங்கிய கம்பியின் வெளி நுனியை வெர்னியரால் அளந்தால் கிடைப்பதுதான் உங்கள் ஸ்குவிஷ். இரு துண்டுகளும் ஒரே அளவு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஹெட் வளைந்திருக்கலாம். எஃகு அளவுகோலை, சிலிண்டர் மேல் அமரும் அதன் முகத்தில் நிறுத்தி, பின்னால் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள்.

ஆர்எக்ஸ் 100-இன் போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மில்லிமீட்டர்தான். இந்த அளவு எஞ்சினுக்கு 1 மில்லிமீட்டர் இடைவெளி நல்லது. 0.8-க்குக் கீழே போகும் ஆசை புதியவர்களுக்கு வேண்டாம். அதிவேகத்தில் கனெக்டிங் ராடு நீள்வதாலும் பேரிங் தேய்மானத்தாலும் பிஸ்டன் ஹெட்டைத் தட்டிவிடும்.

கணக்கு

கம்பி 1.6 காட்டியது என்று வைத்துக்கொள்வோம். 0.6 எடுக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் போரின் பரப்பு 19.6 சதுர சென்டிமீட்டர். ஆகவே முகத்தில் அரை மில்லி எடுத்தாலே ஏறத்தாழ 1 சிசி கொள்ளளவு போய்விடும். சிலிண்டர் 98 சிசி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிச்சம் 11 சிசி இருந்தால் அழுத்த விகிதம் 9.9, அது 10 சிசி ஆனால் 10.8. சிறிய மாற்றம் என்று நினைக்காதீர்கள், வெயில் காலத்தில் இதுவே எஞ்சினுக்குப் பாரம்.

எரியறை எவ்வளவு மாறியது என்பதை அறிய, ஹெட்டைத் தலைகீழாகச் சமதளத்தில் வைத்து, பிளக்கைப் பொருத்தி, நடுவில் துளையிட்ட அக்ரிலிக் தகட்டைக் கிரீஸ் தடவி மூடுங்கள். ஊசி மருந்துக் கடையில் வாங்கிய 10 மில்லி சிரிஞ்சால் எண்ணெய் விட்டு, எவ்வளவு கொள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சீவும் முன்பு ஒரு முறை, பின்பு ஒரு முறை.

லேத்தில்

ஹெட்டைச் சக்கில் நேராகப் பிடிக்க முடியாது, துடுப்புகள் உடையும். 14 மில்லிமீட்டர், 1.25 பிட்ச் மரை போட்ட இரும்புத் தண்டு ஒன்றைக் கடைந்து, பிளக் துளையில் திருகி, அந்தத் தண்டைச் சக்கில் பிடிக்கச் சொல்லுங்கள். ஹெட் ஆடாமல் சுற்றினால்தான் முகம் நேராக வரும். 0.55 வரை லேத்தில் எடுத்துவிட்டு, மீதியைக் கண்ணாடித் தகட்டின் மேல் 400 எண் உப்புத்தாளை விரித்து, மண்ணெண்ணெய் விட்டு, எட்டுப் போட்டுத் தேயுங்கள். அவ்வப்போது ஹெட்டைக் கால் வட்டம் திருப்பிப் பிடிக்க வேண்டும். முகம் முழுவதும் ஒரே மங்கலாகத் தெரிந்தால் போதும்.

முகத்தைச் சீவினால் பட்டையின் அகலமும் மாறுகிறது. போரின் பரப்பில் பாதியை ஸ்குவிஷ் பட்டை பிடித்தால் போதும் என்பது பொதுவான அளவு. அதன்படி நடுக்கிண்ணத்தின் வாய் 35.4 மில்லிமீட்டர், பட்டை 7.3 மில்லிமீட்டர். பட்டையின் சரிவு பிஸ்டன் தலையின் சரிவோடு ஒத்துப்போகவும் வேண்டும். இதற்குத்தான் கம்பியின் உள் நுனியையும் அளக்கச் சொல்வேன்: உள்ளே சற்றுக் கூடுதலாக இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. கிண்ணத்துக்கும் பட்டைக்கும் இடையில் கூர்முனை நின்றால் அது பழுத்து, பிளக்குக்கு முன்பே தீ வைத்துவிடும், எமரித்தாளால் மழுக்குங்கள்.

பொருத்துதலும் சோதனையும்

புதிய கேஸ்கெட் போடுங்கள். மறுபடி ஒரு முறை சாலிடர் கம்பி வைத்துப் பாருங்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்க எந்தக் காரணமும் இல்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டித் தொடங்குவது பாதுகாப்பு. எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை ஏற்கெனவே மெலிந்தே, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமலே இருக்கும்.

ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஓட்டிப் பார்த்து ஜெட்டை முடிவுசெய்தால், பல நூறு மீட்டர் கீழே ஒகேனக்கலில் காற்று அடர்த்தியாகி, கலவை மெலிந்து, அழுத்தமும் கூடிவிடும். எனவே ஒகேனக்கலிலிருந்து பென்னாகரம் ஏறும் சாலையில், பின்னால் ஒருவரை உட்காரவைத்து ஏறிப் பாருங்கள். ஏற்றத்தில் கண்ணாடி குலுங்குவதுபோன்ற சத்தம் கேட்டால் உடனே திராட்டிலை விடுங்கள். பிளக்கைக் கழற்றி வெயிலில் பாருங்கள்: வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவியதுபோல் புள்ளிகளோ, அலுமினியத் துகள்களோ இருந்தால் நாக்கிங் நடந்திருக்கிறது. முதலில் ஜெட்டைக் கூட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கேஸ்கெட்டை இரட்டிக்காதீர்கள், ஸ்குவிஷ் மறுபடி அகன்றுவிடும். பட்டையைத் தொடாமல் நடுக்கிண்ணத்தை மட்டும் அரை சிசி ஆழப்படுத்துங்கள்.