வில்சன் நோயா என்று சந்தேகமா? மூளை ஸ்கேனுக்கு இப்படித் தயாராகுங்கள்

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, கையெழுத்து கோணிக்கொண்டே போகிறது, வாயோரம் எச்சில் வழிகிறது என்றால் எங்கள் கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் முதலில் நரம்புத் தளர்ச்சி என்பார்கள், அப்புறம் மந்திரிப்பார்கள், நரம்பு டாக்டரிடம் வருவது கடைசியில்தான். அவர் வில்சன் நோயா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏடிபி7பி என்ற மரபணு அப்பா வழி, அம்மா வழி இரண்டு பக்கமும் பழுதாகி, ஈரல் தாமிரத்தைப் பித்தத்தோடு வெளியே தள்ள முடியாமல், அது ஈரலிலும் மூளையிலும் தேங்குகிற நோய் இது.

ஸ்கேனுக்கு முன்பே போனில் வீடியோ எடுத்து வையுங்கள். முழங்கையை மடக்கி, தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கி, விரல் நுனிகள் நெஞ்சுக்கு முன்னால் வரும்படி வைக்கச் சொல்லுங்கள். பறவை இறக்கை அடிப்பதுபோல் கை ஆடினால் அதை டாக்டர் கட்டாயம் பார்க்க வேண்டும். நடப்பது, பேசுவது, டம்ளரில் தண்ணீர் குடிப்பது எல்லாம் எடுங்கள். ஸ்கேன் சீட்டில் வெறும் "தலைவலி" என்று இல்லாமல் இந்த அறிகுறிகளும் சந்தேகப்படும் நோயும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். படம் பார்ப்பவர் எங்கே உற்றுப் பார்ப்பது என்பதே அதை வைத்துத்தான்.

பெரிய தொல்லை, ஆடாமல் படுப்பது. நடுக்கமும் முறுக்கலும் உள்ள பிள்ளை மிஷினுக்குள் அரைமணி நேரம் அசையாமல் கிடக்காது, அசைந்தால் படம் கலங்கிவிடும். இந்த அசைவுகள் பெரும்பாலும் தூக்கத்தில் அடங்கிவிடும் என்பதால் மயக்க மருந்து கொடுத்து எடுப்பது உண்டு. சொன்ன நேரத்திலிருந்து வெறும் வயிறு, சரி, அதைவிட முக்கியம், மஞ்சள் காமாலை, வயிற்று வீக்கம் என்று ஈரல் தொந்தரவு ஏதாவது இருந்ததா என்பதை மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அரைஞாணில் கோத்த தாயத்து, கொலுசு, சட்டைக்குள் குத்திய ஊக்கு எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடலாம்.

ரிப்போர்ட்டில் பியூட்டமென், காடேட், தாலமஸ், நடுமூளை, பான்ஸ் என்று மூளையின் உள்பகுதிகளின் பெயர்கள் வரும், டி2, ஃப்ளேர் என்ற வகை எம்.ஆர்.ஐ. படங்களில் அந்த இடங்கள் வெளுத்திருக்கும் என்று எழுதியிருக்கும். அந்த வெள்ளையைத் தாமிரம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், தாமிரத்தால் திசு வீங்கியும் கெட்டும் போனதன் அடையாளம் அது. நடுமூளையில் பாண்டா கரடி முகம்போல் தெரிவது பிரபலமான அடையாளம், ஆனால் பலருக்கு அது தெரியாது, இல்லையென்றால் நோயில்லை என்று ஆகாது. டி1 என்ற இன்னொரு வகைப் படத்தில் குளோபஸ் பாலிடஸ் என்ற மூளைப் பகுதி வெளுத்திருந்தால் அது பெரும்பாலும் ஈரல் கெட்டதைக் காட்டுவது.

படத்தை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்லக் கூடாது. கருவிழி ஓரத்தில் தாமிரம் படிந்த கைசர்-ஃப்ளைஷர் வளையம் இருக்கிறதா என்று ஸ்லிட் லாம்ப் என்ற கண் டாக்டரின் உருப்பெருக்கிக் கருவி வைத்துப் பார்க்க வேண்டும், ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிர அளவு இரண்டையும் பார்க்க வேண்டும். சிறுநீரை லேப் கொடுக்கும் பிளாஸ்டிக் கேனில்தான் பிடிக்க வேண்டும், வீட்டுச் செம்பிலோ பித்தளைச் சொம்பிலோ பிடித்து ஊற்றினால் கணக்கே தப்பாகிவிடும். குடிக்கிற தண்ணீரைச் செம்புப் பானையில் வைக்கும் பழக்கத்தையும் இப்போதே நிறுத்துங்கள்.

ஸ்கேன் சி.டி.யைப் பத்திரமாக வையுங்கள். மருந்து ஆரம்பித்த பிறகு எடுக்கும் படத்தை இதோடு ஒப்பிட்டுத்தான் வெளுப்பு குறைந்ததா என்று சொல்ல முடியும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். தாமிரத்தைச் சிறுநீரில் வெளியேற்றும் பெனிசிலமைன் மருந்து தொடங்கிய புதிதில் சிலருக்கு நடுக்கம் கூடுவது உண்டு, அப்படி ஆனால் மருந்தைத் தானாக நிறுத்தாமல் உடனே டாக்டரிடம் பேசுங்கள்.

அண்ணன், தங்கை இருந்தால், ஒவ்வொருவருக்கும் இந்த நோய் இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டிய குடும்பம் என்றால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நன்றாக ஓடியாடும் பிள்ளைகளுக்கு ஸ்கேனில் ஆரம்பிக்க வேண்டியதில்லை, ரத்தம், சிறுநீர், கண் பரிசோதனை, முடிந்தால் மரபணுப் பரிசோதனை என்று தொடங்கினால் போதும்.