சைட்டுகளுக்கு நடுவே மாட்டுப் பண்ணை: சாணி விஷயத்தில் செய்யக்கூடாதவை

கோவை சரவணம்பட்டியைத் தாண்டினால் சோளக்காடெல்லாம் சைட்டாகிவிட்டது. அதற்கு நடுவில் பத்து மாடு வாங்கிப் புதிதாகப் பண்ணை போடுகிறவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தப்புகளைத்தான் செய்கிறார்கள். தினமும் சாணி அள்ளுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எதைச் செய்யக்கூடாது என்றுதான் சொல்ல வேண்டும்.

பைப் பிடித்துக் கழுவித் தள்ளுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். மோட்டாரைப் போட்டு, சாணி மூத்திரம் எல்லாவற்றையும் ஒரேயடியாக வேலியோரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். கட்டுத்தரை பளிச்சென்று இருக்கும், சரி. ஆனால் ஒரு கலப்பின மாடு நாளைக்குச் சுமார் 15 கிலோ சாணி போடும். பத்து மாட்டுக்கு 150 கிலோ. கூடையில் அள்ளி மக்க வைத்தால் டிராக்டரோடு வந்து விலை கொடுத்து எடுத்துப்போவார்கள். தண்ணீர் அடித்துவிட்டால் அது சாக்கடை. அதை எடுத்துப்போக நாம்தான் டேங்கருக்குக் காசு கொடுக்க வேண்டும்.

நாற்றத்துக்கும் இதுவே காரணம். சாணியில் உள்ள யூரியேஸ் நொதி, மூத்திரத்தின் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. இரண்டையும் கலக்கவிடாவிட்டால் அக்கம்பக்கத்தோடு பாதிச் சண்டை வராது.

தெரிந்தவர் ஒருவர் கழுவிய தண்ணீரைக் குழியில் விட்டுக்கொண்டிருந்தார். கீழ்ப்பக்கத்து சைட் காலியாக இருந்தவரை யாரும் கேட்கவில்லை. அப்புறம் வீடு வந்தது, போர்வெல் போட்டார்கள். ஐப்பசி மழையில் குழி நிரம்பி அவர்கள் வாசலில் போய் நின்றது. போர் தண்ணீரைச் சோதித்தால் நைட்ரேட், குடிநீர் வரம்பான லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. அந்த வீதியில் செப்டிக் டேங்குகளுக்கும் குறைவில்லை. ஆனாலும் பழி மாட்டுக்காரர் தலையில்தான் விழுந்தது. பாதி மாடுகளை விற்றுவிட்டார்.

தரைக்கு 40 அடிக்கு ஓர் அடி வாட்டம் வையுங்கள். மூத்திரம் வாய்க்கால் வழியாகத் தனித் தொட்டிக்குப் போகட்டும். சாணியை அள்ளிய பிறகே தண்ணீர், அதுவும் கொஞ்சமாக.

பச்சைச் சாணியை அப்படியே குவிப்பது

வெயில் காலத்தில், சாணியில் ஈ இட்ட முட்டை ஈயாக ஒரு வாரம், பத்து நாள் போதும். சோளத்தட்டு, காய்ந்த சருகு எதையாவது அடுக்கடுக்காகப் போட்டு மக்க வையுங்கள். உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறினால் புழுவும் களை விதையும் பெரும்பாலும் தங்காது.

சாண எரிவாயுக் கலம் கட்டினால் சாணி தீர்ந்துவிடும் என்று நம்புவது

தீராது. 2 கனமீட்டர் கலம் தினம் 50 கிலோ கேட்கும். உள்ளே போனது கரைசலாக வெளியே வரும், அதற்கும் நிலம் வேண்டும்.

நாற்றத்துக்குப் பிளீச்சிங் பவுடர்

வேண்டாம். அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சுப்புகை.

ஞாயிற்றுக்கிழமை எருக்குழியைக் கிளறுவது

அன்றுதான் சுற்றியுள்ள எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்.