பெட்ரோல் விட்டுக் கழுவும் பட்டறைக்காரர்களுக்கு

புதுப்பேட்டை மெக்கானிக் ஷெட்டோ அம்பத்தூர் எஸ்டேட் யூனிட்டோ, கிரீஸ் பிடித்த சாமானைக் கழுவக் கை முதலில் போவது பெட்ரோலுக்கு, இல்லாவிட்டால் தின்னருக்கு. அழுக்கு உடனே போகும், சீக்கிரம் காயும். காய்ந்தது எங்கே போனது? ஆவியாகி ஷெட்டுக்குள்ளேயேதான் கிடக்கிறது.

பெட்ரோல் ஆவி காற்றைவிட 3, 4 மடங்கு கனம். மேலே எழும்பாமல் தரையோடு ஊர்ந்து சர்வீஸ் குழியிலும் சாக்கடையிலும் இறங்கி நிற்கும், காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே பற்றும். அதனால் கழுவுகிற இடத்தில் பீடி பிடிக்கவில்லை என்பது மட்டும் போதாது. நாலு எட்டு தள்ளி கம்ப்ரஸர் தானாக ஆன் ஆனாலோ கிரைண்டர் பொறி விழுந்தாலோ போதும், நெருப்பு ஆவி வந்த வழியே ட்ரே வரைக்கும் வந்துவிடும்.

மண்ணெண்ணெய் பரவாயில்லை என்பார்கள். பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே பற்றக்கூடியது, மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய 38 டிகிரி வேண்டும், உண்மைதான். ஆனால் மே மாதத்துத் தகரக் கூரைக்கு அடியில் அந்தச் சூடு சர்வ சாதாரணம். ஸ்ப்ரே அடித்தால் அந்தச் சூடுகூடத் தேவையில்லை.

அதனால் முதலில் கிரீஸைச் சுரண்டி எடுத்துவிட்டு, தண்ணீரில் கரைக்கும் டிகிரீசரில் ராத்திரி ஊறப்போடுங்கள், பெரும்பாலும் அதிலேயே போய்விடும். பெட்ரோல்தான் வேண்டும் என்றால் வெட்டவெளியில், மூடியுள்ள இரும்பு ட்ரேயில், தேவைக்குக் கொஞ்சமாக ஊற்றிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் குடம், வாளி வேண்டாம், ஊற்றும்போது உண்டாகும் நிலைமின்சாரமே பொறி தட்டும். ஏர் கன் வைத்துக் காயவைக்காதீர்கள். துடைத்த பனியன் வேஸ்ட்டை மூடி போட்ட தகர டப்பாவில் போட்டு அன்றன்றே வெளியேற்றுங்கள். அச்சகக்காரர்கள் ரோலர் கழுவுமுன் மெஷினை நிறுத்திவிடுங்கள்.

எனக்கு அதிகப் பயம் ஐப்பசி, கார்த்திகை மழைதான். சாரல் அடிக்கிறதென்று வேலையை உள்ளே இழுத்துப்போட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவோம், ஆவி போக வழி இருக்காது. தண்ணீர் வேறு உள்ளே ஏறினால் சிந்திய பெட்ரோல் அதன்மேல் மிதந்து மூலைமுடுக்கெல்லாம் போகும். அன்றைக்குக் கழுவுவதை ஒத்திப்போடுங்கள்.

பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ட்ரேயைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. சின்னத் தீ என்றால் மூடியைத் தள்ளி மூடுங்கள், இல்லையென்றால் நுரை அல்லது டிசிபி (உலர் ரசாயனப் பொடி) தீயணைப்பு சிலிண்டரை அடியுங்கள். அடங்காவிட்டால் எல்லோரும் வெளியே வந்து 101-க்கு அடியுங்கள். சிலிண்டரை வாசல் பக்கம் மாட்டுங்கள், ட்ரேக்கு மேலே மாட்டினால் தீயைத் தாண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.