கேண்டிடாவில் ஒரு மரபணுவை நீக்கிப் பார்ப்பது எப்படி

வாயில் வெண்படலமாகத் தொடங்கி ஐசியு நோயாளியின் ரத்தம் வரை போகக்கூடிய பூஞ்சை கேண்டிடா அல்பிகன்ஸ். அதன் ஒரு மரபணுவுக்கு நோயில் பங்கு உண்டா என்று அறிய, அதை நீக்கிப் பார்ப்பதுதான் நேரான வழி. ரொட்டி ஈஸ்ட்டில் பழகிவிட்டு வருகிறவர்கள் இரண்டை மனதில் வையுங்கள். இது டிப்ளாய்டு, அதாவது ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதி உண்டு, இரண்டும் போனால்தான் எதையும் சொல்ல முடியும். அப்புறம், புரதம் செய்யும்போது சியுஜி என்ற கோடானை (மூன்றெழுத்து மரபுக் குறியை) இது லியூசின் என்ற அமினோ அமிலமாக அல்ல, பெரும்பாலும் செரினாகப் படிக்கும். அதனால் ஒளிரும் புரதமான ஜிஎஃப்பியோ, டிஎன்ஏவை வெட்டும் கேஸ்9-ஓ, கேண்டிடாவுக்காகக் கோடான் மாற்றிய வடிவத்தையே கேட்டு வாங்குங்கள்.

மரபணு மாறிய செல்களை மட்டும் பிரித்தெடுக்க உதவும் மார்க்கருக்கு, நோர்சியோத்ரிசின் என்ற மருந்தை எதிர்க்கும் சாட்1 மரபணுதான் என் தேர்வு. இன்னொரு மார்க்கரான யூரா3 மலிவு, எல்லா லேபிலும் கிடைக்கும், ஆனால் செருகிய இடத்தைப் பொறுத்து அதன் வெளிப்பாடு கூடிக் குறையும், அதனாலேயே எலியில் நோய் தணிந்துவிட, நாம் நீக்கிய மரபணுதான் காரணம் என்று தப்பாக எழுதிவிடுவோம். சாட்1 ஃபிளிப்பர் கேசட் (மரபணுவின் இடத்தில் செருகும் டிஎன்ஏ துண்டு) என்றால் மார்க்கரையே வெளியேற்றிவிட்டு அதைக் கொண்டே இரண்டாவது பிரதியையும் எடுக்கலாம். 2015-இல் இதற்கு, கேஸ்9 கொண்டு டிஎன்ஏவைக் குறிவைத்து வெட்டும் க்ரிஸ்பர் முறை வந்தபின் இரண்டையும் ஒரே முறையில் நீக்கவும் முடிகிறது.

கேசட்டைச் செல்லுக்குள் செலுத்தும் செய்முறை லித்தியம் அசிடேட் முறைதான். ஒய்பிடி வளர்ப்பு ஊடகத்தில் 30 டிகிரியில் வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும் செல்களை எடுத்து லித்தியம் அசிடேட்டில் கழுவி, கொதிக்கவைத்து உடனே ஐஸில் வைத்த சால்மன் டிஎன்ஏ, உங்கள் கேசட், பிஇஜி 3350 (பாலிஎத்திலீன் கிளைக்கால்) எல்லாம் சேர்த்து இரவு முழுக்க 30 டிகிரியில் விடுங்கள். காலையில் 44 டிகிரியில் 15 நிமிடம். ரொட்டி ஈஸ்ட்டுக்குப் பழகிய 42-ஐ விட இதில் காலனி கூடுதலாக வரும். உடனே பிளேட்டில் பரப்பிவிடாதீர்கள், மருந்தை எதிர்க்கும் புரதம் செல்லுக்குள் உருவாக அவகாசம் வேண்டும், ஒய்பிடியில் நாலைந்து மணி நேரம் வளர்த்து, பிறகு மில்லிக்கு 200 மைக்ரோகிராம் மருந்துள்ள பிளேட்டில் பரப்புங்கள்.

காலனி வந்ததும் பாதி வேலைகூட முடியவில்லை. கேசட்டின் இரு முனைகளும் சரியான இடத்தில் சேர்ந்தனவா என்று பிசிஆர் செய்யுங்கள். மரபணுவுக்கு உள்ளேயே பிரைமர் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வைத்து, அது மிச்சமில்லை என்பதையும் தனியாகக் காட்டுங்கள், ஏனென்றால் சில சமயம் மூன்றாவது பிரதி ஒன்று முளைத்திருக்கும். இந்தப் பூஞ்சை நெருக்கடியில் குரோமோசோம் எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளும், சூடு காட்டுவதும் அதற்கு நெருக்கடிதான். தனித்தனியாகக் கிடைத்த இரண்டு மூன்று காலனிகளை ஒப்பிடுங்கள். கடைசியாக, நீக்கிய மரபணுவைத் திரும்பச் சேர்த்து பழைய குணம் மீள்கிறதா என்று பாருங்கள். அது மீளும்வரை எலிச் சோதனைக்குப் போக வேண்டாம்.