இரவில் பணி முடிந்து வந்து பியானோ வாசிக்கிறவர்களுக்கு

ஜெர்மனிக்குச் செவிலியர் வேலைக்கு வருகிறவர்கள் குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை. வங்கி, காப்பீடு எல்லாம் வேலையிடத்திலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். ஆனால் வாடகை ஒப்பந்தத்தோடு ‘ஹவுஸ்ஓர்ட்னுங்’ என்று வீட்டு விதிகள் சில பக்கம் இணைத்திருப்பார்கள். நான் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் படியுங்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஓய்வு நேரம் என்ற வரியை இரண்டு முறை படியுங்கள்.

நான் பாளையங்கோட்டைக்காரி. ஆலயத்தில் பாடகர் குழுவுக்கு வாசித்து வளர்ந்தவள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு இரவெல்லாம் குழாய் ஒலிபெருக்கி முழங்கும். டிசம்பரில் நள்ளிரவு தாண்டியும் கேரல் ரவுண்ட்ஸ் வரும். பியானோ சத்தம் ஒருவரின் தூக்கத்தைக் கெடுக்கும் என்று அங்கே யார் நினைத்தார்கள்?

இங்கே பழைய பியானோக்களை, வந்து தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று இலவசமாகவே கொடுக்கிறார்கள். 200 கிலோவுக்கு மேல் எடை, தூக்குகூலிதான் செலவு. அப்படி ஒன்று என் இரண்டாம் மாடி வீட்டுக்கு வந்தது. நடுவில் இருக்கும் மிதியை அழுத்திப் பக்கவாட்டில் தள்ளிப் பூட்டினால், சுத்தியல்களுக்கும் கம்பிகளுக்கும் இடையில் கம்பளித் துணி ஒன்று இறங்கும். நாதம் அடங்கிவிடும். மாலைப் பணி முடிந்து பத்தரைக்கு வீடு சேர்ந்ததும் அப்படித்தான் வாசித்தேன். அந்த முக்கால் மணி நேரம் இல்லாவிட்டால் வார்டில் பார்த்ததெல்லாம் தூக்கத்திலும் கூடவே வரும்.

8 மாதம் கழித்து வீட்டு நிர்வாகத்திடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கீழ்வீட்டு அம்மாள் தேதி, மணி, நிமிடம் என்று குறித்து வைத்திருந்த தாள்களும் அதனுடன் இருந்தன. படிக்கட்டில் தினமும் வணக்கம் சொன்னவர்! நம் ஊரில் என்றால் மறுநாளே கதவைத் தட்டி, “ஏ பிள்ளை, தூங்க விட மாட்டியா?” என்று கேட்டிருப்பார்கள். அது எவ்வளவோ மேல்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தவறு. 2,000 யூரோவுக்கு மேல் கொடுத்து மௌன அமைப்பு ஒன்றைப் பொருத்தினேன். சுத்தியல் கம்பியைத் தொடுவதற்கு முன்பே ஒரு தடுப்புப் பட்டை அதை நிறுத்திவிடும். கட்டைகளின் அசைவை உணரிகள் பிடித்து ஹெட்ஃபோனுக்கு இசையாக அனுப்பும். அறையில் சத்தமே இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். ஒரே மாதத்தில் இரண்டாவது கடிதம் வந்தது.

அழுகையும் ஆத்திரமுமாகக் கீழே போனேன். அந்த அம்மாள் என்னைத் தன் படுக்கையறையில் உட்கார வைத்தார். மேலே என்னோடு தங்கியிருக்கும் தோழியை ஹெட்ஃபோன் போட்டு வாசிக்கச் சொல்லியிருந்தேன். டொக், டொக், டொக். ஸ்வரம் ஒன்றுகூட இல்லை. தாளம் மட்டும் கூரை வழியாக இறங்கி வந்தது, யாரோ உரலில் இடிப்பது போல. நான் இரவில் ஆணி அடிக்கிறேன் என்றே அவர் நினைத்திருந்தார்.

காற்றில் வரும் ஒலியைத்தான் துணியும் ஹெட்ஃபோனும் அடக்கும். விரல் கட்டையை அடிமட்டம் வரை இறக்கும் இடியும், மிதியை விடும்போது எழும் தட்டலும் பியானோவின் கால் வழியே தரைக்குள் போய்விடும். டிஜிட்டல் பியானோவிலும் இதே கதைதான். தரைவிரிப்பு போதாது. வாஷிங் மெஷினுக்கு அடியில் போடும் தடித்த ரப்பர் அட்டைகள், அவற்றின் மேல் கனமான பலகை, அதன் மேல் பியானோ என்று வையுங்கள். பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரை ஒட்டி வைக்காதீர்கள். இதனால் குறையும்; முழுவதும் போகாது. பணத்தைக் கொட்டுவதற்கு முன்பு கீழே போய் உட்கார்ந்து கேளுங்கள்.

சட்டம் உங்களுக்கு எதிரி அல்ல. ஆக்ஸ்பர்க் நகரத்து ட்ரம்பெட் கலைஞர் ஒருவரின் வழக்கில் 2018இல் கார்ல்ஸ்ரூஹே நகரில் இருக்கும் ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், வீட்டில் இசைப்பதை முற்றிலும் தடை செய்ய முடியாது என்றது. வேலை நாட்களில் 2 முதல் 3 மணி நேரம், ஞாயிறு, விடுமுறை நாட்களில் 1 முதல் 2 மணி நேரம் என்று தோராய அளவும் சொன்னது. ஆனால் அதெல்லாம் ஓய்வு நேரத்துக்கு வெளியே.

மாலைப் பணி வாரங்களில் இப்போது காலை பத்து மணிக்கு, துணியை இறக்காமல், முழு நாதத்தோடு வாசிக்கிறேன். அந்த நேரத்தைச் சொன்னவரே கீழ்வீட்டு அம்மாள்தான்; அப்போது அவர் கடைக்குப் போய்விடுவாராம்.